உள்ளங்கையில் நாலு சொல்

ஜெர்மன் மொழியில் பெண்பால் பெயர்ச்சொல் மகா அழுத்தக்காரி. ஒருமையில் நாலு வேற்றுமைக்கும் துளியும் அசைய மாட்டாள். முன்னால் நிற்கும் குட்டிச் சொல்தான் அவளுக்காக ஆட வேண்டும். எழுவாய்க்கு டீ, செயப்படுபொருளுக்கும் டீ. ‘அவளுக்கு’, ‘அவளுடைய’ என்றால் டெர், டெர்.

“இவ்வளவுதானாடீ? இதுக்கா ரெண்டு தடவ ஃபெயிலான?” என்றாள் அக்கா. என் மகளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு என்னை வகுப்புக்கு அனுப்பியவள். கேட்க உரிமை உண்டு.

பதினோரு வருஷமாக நான் நர்ஸ். நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் டாக்டர்களே என்னைத் தேடி வருவார்கள். ஆனால் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது முறையும் போனால், ஜெர்மனி ஆஸ்பத்திரியில் எனக்காக வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்கு.

அதனால் வார்டில் பி.பி. குறித்துக்கொள்வதுபோல நாலு சொல்லையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். யோக்கியமான காரியம் இல்லைதான்.

தேர்வறை வாசலில் சானிட்டைசர் பாட்டில். பழகின கை சும்மா இருக்குமா? இரண்டு அழுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல், மணிக்கட்டு. உட்கார்ந்து பார்த்தால் உள்ளங்கையில் வெறும் நீலக் கறை. சொந்தச் செலவில் சூனியம்!

தேர்வாளர் அம்மா ஒரு படத்தை நீட்டினார். கட்டிலில் ஒரு பெண். “அறைக்குள் வருகிறீர்கள். என்ன செய்வீர்கள்?”

அழுகை முட்டியது. அப்போதுதான் கவனித்தேன்: படத்தில் தலையணை கோணல், தண்ணீர் எட்டாத தூரத்தில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தடிமாடு இப்படி வைத்தது? தலையணையை நிமிர்த்தினேன், அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அவளுடைய மகளுக்குத் தகவல் சொன்னேன். எல்லாம் ஜெர்மனில், மூச்சுவிடாமல். டீயும் டெரும் வந்த வழியில் வந்து விழுந்தன.

தேர்வாளர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். ஒரு மணி நேரம் கழித்துத் தாள் கைக்கு வந்தது. அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

“நாலும் சரியாச் சொன்னியாடீ?”

“எங்க! ரெண்டு மூணு எடத்துல சொதப்பல். ஆனா தண்ணி குடுத்துட்டேன்.”

“யாருக்குடீ?”

“படத்துல இருந்தவளுக்கு.”

“பைத்தியமே, பாஸா இல்லயா?”

“பாஸ்க்கா.”

என் கல்யாணத்துக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், ஃபோனிலேயே ஓவென்று அழுதாள்.