ஒரு திங்கள் பிந்தியவன்

கீழ்த்திசையில் வங்கக்கடல் ஈயத்தகடுபோல் ஒளியிழந்து கிடக்க, மேற்றிசையில் சம்மாந்துறை வயல்களின் இளம்பயிர்கள் வாடைக்காற்றில் நடுங்கிநிற்க, இரண்டிற்கும் இடையே நெருங்கிய வீடுகளும் பள்ளிவாசல் மாடங்களுமாய் நீண்ட சாய்ந்தமருதின்மேல் மழைமுகில் கவிந்திருந்த பிற்பகலொன்றில், அறிவுசால் வாசகரே, காரைதீவு வழியாக வந்த ஊர்தியிலிருந்து பர்ஸான் இறங்கினான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மனைவி ஸம்றாவையும் ஓராண்டுக் குழந்தை அப்ராவையும் விட்டு, மீன்படகொன்றில் ஒளிந்து ஆஸ்திரேலியா சென்றவன் அவன். தடுப்பு முகாமில் வாடி, பின்னர் ஸ்கொட்லாந்திலிருந்து குடியேறிய முதியவர் ஒருவரின் பண்ணையில் கூலியாளாய்ச் சேர்ந்து, செம்மறி மேய்க்கவும் ஈற்றுக்குத் துணைநிற்கவும் மயிர் கத்தரிக்கவும் கற்றான். மக்களற்ற அம்முதியவர் இறக்கும்போது, நிலத்தையும் எண்ணூறு ஆடுகளையும் அவனுக்கே விட்டுச்சென்றார். ஊர் சென்றால் அந்நாட்டினுள் மீண்டும் நுழையவியலாது என்ற விதி இவ்வாண்டுதான் நீங்கிற்று. எனினும், ஸம்றா விடாத இருமலென்று தொலைபேசியில் சொல்லியிருந்தும், மயிர் கத்தரிக்கும் பருவம் முடியட்டுமென ஒரு திங்கள் பயணத்தைத் தள்ளிவைத்தான்.

அவன் வீட்டு வாயிலில் ஆடவர் கூடிநின்றனர். ஸம்றாவின் தமையன் மசூர் அவன் கையைப் பற்றினார்.

“பிந்திட்டீங்க மச்சான். மத்தியானம் லுஹர் தொழுதிட்டு ஸம்றாவ அடக்கிட்டம். கடைசி மட்டும் உங்களத்தான் கேட்டாள்.”

பர்ஸான் உள்ளே சென்றான். தாயின் வெறும் கட்டிலருகே பதினான்கு வயது அப்ரா அமர்ந்திருந்தாள்.

“மகள், வாப்பா வந்திருக்கன்.”

அவள் நிமிர்ந்து, முன்பின் அறியாதாரைப் பார்ப்பதுபோல் அவனை நோக்கினாள்.

“போன மாசம் வந்திருந்தா உம்மா உங்களக் கண்டிருப்பா. ஆட்டு மயிரெல்லாம் வெட்டி முடிஞ்சிதா?”

“ஓம்,” என்றான் அவன்.

மூன்றாம் நாள், தன்னுடன் வருமாறு அவளை அழைத்தான்.

“உம்மாவ இஞ்ச விட்டுட்டு நான் வரமாட்டன். நீங்க போங்க,” என்றாள் அவள்.

அவன் போகவில்லை. அன்றே பண்ணையின் அயலானைத் தொலைபேசியில் அழைத்து, மந்தையை விற்றுவிடச் சொன்னான். பின்னர் கரைவலை இழுப்போருடன் கூலிக்குச் சேர்ந்து, உப்புநீரில் கைகள் வெடிக்க உழைத்து மீண்டான். அப்ரா நாள்தோறும் அவனுக்குச் சோறிட்டாள். ஒருநாளேனும் வாப்பா என்று அழைத்திலள்.

எண்ணூறு ஆடுகளைத் துறத்தற்கு அவனுக்கு ஒரு பகல் போதுமானதாயிற்று. அவ்வொரு சொல்லைப் பெறுதற்கு எஞ்சிய வாழ்நாள் போதுமோ என்பதை அவனும் அறியான், நாமும் அறியோம்.