செம்பி குடித்த பால்

...பால்தானே, பால் எப்படிச் சாப்பாடாகும், கந்தசஷ்டி ஆறு நாளும் உதயகலா பாலும் பழமும் எடுத்துத்தான் விரதம் காக்கிறாள், அது விரதமில்லையென்று முருகனே சொன்னதில்லை, அதனால்தான் காலையில் பூனை செம்பி காலைச் சுற்றிக் கத்தியபோது மனம் கேளாமல் கொஞ்சம் ஊற்றினாள், பிறகு சுன்னாகத்தில் இந்த மிருக வைத்தியர் கஜந்தினி, "அன்ரி, வெறும் வயிறுதானே?" என்று கேட்க, "ஓம் டொக்டர், ஒண்டும் குடுக்கேல்லை" என்று வாய் முந்திக்கொண்டது... பொய்யா அது? உள்ளே பூனைக்குக் கருப்பை எடுக்கிறார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி இப்போதுதான் எதிர்ச் சுவரில் வாசிக்கிறாள், மயக்கத்தில் சத்தியெடுத்தால் வாந்தி மூச்சுக்குள் போய்ச் செத்துவிடுமாம், பாலும் கூடாதாம். சந்தையிலிருந்து வெங்காய மணம் வருகிறது, மின்விசிறி சுற்றுகிறது, கண் சொருகுகிறது, போன ஆவணியில் அவளுக்கும் இப்படித்தான் மயக்க மருந்து கொடுத்தார்கள், ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள், நாலில் மேலேயிருந்த வெளிச்சம் தொண்டைமானாற்றுத் தண்ணீர்போல அசைந்தது, பிறகு ஒன்றுமில்லை, எவ்வளவு சுகம்... அதற்குப் பிறகுதான் மாதம் ஒரு தடிமன், மூக்கடைப்பு, ஆறாத இருமல். "எல்லாம் உன்ரை மனப்பிரமை" என்றார் சண்முகநாதன், கட்டிய புருஷன். ஆனால் காலையில் செம்பியின் இரத்தம் எடுக்கும்போது கஜந்தினி சொன்னாளே, "மயக்க மருந்து உடம்பு நோயைத் தடுக்கிற காவலையும் கொஞ்ச நாளைக்குச் சோரப்பண்ணும் அன்ரி, உள்ளுக்கை இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி ஒரு தேய்மானமும் வரும். எந்த மருந்திலை அது குறைவு எண்டுதான் ஆராயிறம், நாளைக்கும் இரத்தம் எடுப்பம்." பூனைக்குச் சொல்ல ஆள் இருக்கிறது, அவளுக்கு யார் சொன்னார்கள்? கொஞ்ச நாளைக்குத்தானாம், அவளுக்கோ வருஷமாகிறது, மருந்தோ மனமோ... ஐயோ, செம்பி!

எழும்பிப்போய்க் கதவைத் தட்டினாள். "டொக்டர், பால் குடுத்தனான், அரைக் கோப்பை." முகமூடிக்கு மேலே கஜந்தினியின் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. "நல்லகாலம், தொண்டையிலை குழாய் விட்டிருக்கு, மூச்சுக்குள்ளை போகாது. எடுக்கேக்கை கவனமாப் பாக்கிறன். முதலே சொல்லியிருக்கலாமே அன்ரி?" கதவு மூடிக்கொண்டது. செல்வச்சந்நிதியானே, முருகா, சஷ்டிக்குப் பாலையும் விட்டுவிடுகிறேன், செம்பியைத் தந்துவிடு... எவ்வளவு நேரமோ, பிறகு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். மூச்சு இருந்தது. நாக்கு நுனி வெளியே கிடந்தது. பத்து நாள் வேறு பூனைகளோடு விடவேண்டாமாம். தலையாட்டினாள், ஆட்டும்போதே ஆவணி திரும்பவும் வந்தது, அன்று தாதி கேட்டது அவளைத்தான், "காலமை ஏதும் குடிச்சனீங்களோ?" ஒரு மிடறு தேத்தண்ணீர் குடித்திருந்தாள், சொல்ல வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற சண்முகநாதன், "ஒண்டுமில்லை மிஸ்" என்றார், அவளுடைய கருப்பையை எடுக்கச் சம்மதமென்று முதலில் தலையாட்டியதும் அவர்தான், பிறகுதான் பேனை அவள் கைக்கு வந்தது. இன்றைக்குச் செம்பியின் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது யார், அவள்தானே? செம்பி அரைக்கண் திறந்து அவளைப் பார்த்தது, அல்லது பார்க்கவில்லை. "உனக்கு..." என்று கேட்கத் தொடங்கினாள். மேலே எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.