இடக்கையின் பாரம்

வெஸ்லி குனிந்து இடக்கையைப் புல்லில் ஊன்றினான். ஊன்றியாயிற்றா என்று கண்ணால் பார்த்துக்கொண்டான். போன வாரப் பயிற்சியில் தலையோடு தலை மோதியபோது, கழுத்திலிருந்து விரல்நுனிவரை தீ மாதிரி ஒன்று ஓடியது. தீ அணைந்தபின் விரல்களில் உணர்ச்சி இல்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் நிற்பவனுக்குப் பந்து கைக்கு வருவதே இல்லை. எதிரில் நிற்கும் தடியனை மறிப்பதுதான் அவன் வேலை. தன் அணி பந்தோடு ஓடப்போகிறது என்றால் அவன் முன்னால் பாய வேண்டும். பாரம் தானாகக் கைக்கு இறங்கி விரல்முட்டிகள் வெளுக்கும். பந்தை எறியப்போகிறார்கள் என்றால் பின்வாங்கி எறிபவனைக் காக்க வேண்டும். பாரம் இடுப்புக்குப் போய்விடும், கை சும்மா புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும். எதிரில் இருப்பவன் விவரமானவன் என்றால் அந்த முட்டிகளைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வான்.

பயிற்சியில் அவனுக்கு எதிரில் நிற்கும் டிமேரியஸ் விவரமானவன். பத்து வருடமாக இந்த அணியில் இருக்கிறான். பயிற்சி முகாம் தொடங்கியதிலிருந்து வெஸ்லியின் கையைப் பார்த்துப் பார்த்து, "எறியப் போறாங்கடா!" என்று முன்கூட்டியே கத்துவான். "உன் கை எனக்கு தினமும் லெட்டர் போடுதுடா, சோளக்காடு" என்பான். வெஸ்லி படித்த சின்னக் கல்லூரியின் மைதானத்துக்குப் பின்னால் சோளக்காடுதான். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டபோது அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஆள் போதாமல்தான் கூப்பிட்டார்கள்.

இன்றும் டிமேரியஸ் அவன் விரல்முட்டிகளையே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. உணராத கையை நம்பிப் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வெஸ்லிக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வளைந்து, ஒரே மாதிரி ஊன்றினான். எறியப்போகிறார்கள் என்று நினைத்து டிமேரியஸ் நிமிர்ந்த நேரத்தில் வெஸ்லி பாய்ந்து அவனை மல்லாத்தினான். அடுத்த முறையும் அதேதான்.

பயிற்சியாளர் ஸ்டோல்ட்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

"கைல காட்டிக்கொடுக்காதேன்னு தொண்டை கிழியக் கத்துனேன், கேக்கல. இப்ப எப்படிடா திருத்துன?"

"பழக்கம்தான், கோச்."

"ஞாயித்துக்கிழமை மொத ஆட்டம். ஆரம்பத்துலேருந்து நீதான் எறங்குற."

சந்தோஷம் வரும் என்று வெஸ்லி காத்திருந்தான். வரவில்லை. ஊருக்கு போன் செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அதுவும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு மோதலில் கை மொத்தமாகப் போகலாம். சொன்னால் கழுத்தைப் படம் எடுப்பார்கள்; அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். இரண்டும் யாருக்கோ நடக்கப்போவது போலிருந்தது.

பயிற்சி முடிந்து ஐஸ் தொட்டியில் இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மருத்துவ உதவியாளர் கெண்ட்ரா ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "வலி? மரப்பு? வேற ஏதாவது?"

ஐஸின் குளிரில் வலக்கை கடுத்தது. அவனையறியாமல் வெளியே எடுத்துவிட்டான்.

பக்கத்துத் தொட்டியில் இருந்த டிமேரியஸ் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தண்ணீருக்குள்ளேயே இருந்த இடக்கையைப் பார்த்தான். கேலி எதுவும் வரவில்லை.

"டேய் தம்பி," என்றான், கெண்ட்ராவுக்குக் கேட்காத குரலில். "அதையும் எடுடா."

கெண்ட்ராவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. வெஸ்லி குனிந்து பார்த்தான். பனிக்கட்டிகளுக்கு இடையில் அந்தக் கை சிவந்து அசையாமல் கிடந்தது. நடுவிரலைச் சுற்றி ஒரு புல் ஒட்டியிருந்தது.