சனிக்கிழமை மட்டும் வேலை செஞ்சவர்

நான் அனுப்பின மன்னிப்பு மெயில்ல ஒரு பொய் இருக்கு. அதைச் சொல்லிடறேன். இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது.

என் பேரு விக்டோரியா. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இரும்பு ஷெட்டு, தூணு, பாலமெல்லாம் செஞ்சு நிறுத்தற ஒரு கம்பெனி. அதுல பிளானிங் செக்‌ஷன்ல இருக்கேன். ஒரே நேரத்துல பன்னெண்டு புராஜெக்ட் ஓடும். ஒரு வேலை எந்த அளவுல நிக்குதுன்னு எம்.டி. கேட்டா ஸ்டோர்ஸ் ஒண்ணு சொல்லும், பர்ச்சேஸ் ஒண்ணு சொல்லும், சைட்டு மூணாவதா ஒண்ணு சொல்லும். பேஜாரு. அதான் எல்லாத் தகவலையும் ஒரே எடத்துல சேத்து, அடுக்கி, கேட்டதும் பதில் வர மாதிரி ஒரு டேட்டா வேர்ஹவுஸ் பண்ணச் சொன்னாங்க. தகவலுக்கு ஒரு குடோன்னு வெச்சுக்குங்க. எந்த அலமாரியில எது போவணும்னு முடிவு பண்ணது நான்தான். ஆறு மாசம் அதே வேலை. ஆபீஸ்ல கொஞ்சம் பீத்திக்கினுதான் திரிஞ்சேன்.

தேசப்பண்ணன் காட்டுப்பள்ளி சைட்டுக்கு ஃபோர்மேன். அவருக்குக் கீழ ஏழு பேரு. மத்த ஃபோர்மேனெல்லாம் அன்னன்னிக்கு முடிச்ச வேலையைப் போன்லயே ஏத்திடுவாங்க. அந்த சைட்டுல கேமரா போனைக் கேட்லயே வாங்கி வெச்சிக்குவாங்க. அதனால இவரு டைரியில எழுதிக்கினு சனிக்கெழம சாயங்காலம் ஆபீசுக்குக் கொண்டாருவாரு. எங்க செக்‌ஷன் மோனிகா அதைப் பாத்து டைப் பண்ணுவா. டைரின்னா சும்மா இல்ல. எத்தினி தூணு நிறுத்தினோம், எப்போ மழை வந்துச்சு, கிரேன் ஏன் லேட்டு, யார்கிட்ட இன்னா சொன்னோம், எல்லாமே இருக்கும். பழைய ஃபோர்மேன்காரங்க பழக்கம் அது. நாளைக்கு எவனாச்சும் 'நீ சொல்லவே இல்லியே'ன்னா தொறந்து காட்டலாம் பாருங்க.

பிப்ரவரி மாசம் ஒரு சனிக்கெழம அவரு என் டேபிள்கிட்ட வந்து நின்னாரு.

"மேடம், நான் குடுக்கறது வாரத்துக்கு ஒரு வாட்டி. வேலை முடியறது தெனமும். தேதிக்கு ரெண்டு கட்டம் வெச்சிடுங்கோ. முடிச்ச நாளு ஒண்ணு, ஏத்தின நாளு ஒண்ணு."

நான் ஸ்கிரீன்ல இருந்து கண்ண எடுக்கல. "சரிண்ணே, பாத்துக்கறேன்"ன்னேன். அவரு அந்தாண்ட போனதும் மோனிகாகிட்ட, "பாத்தியாடி, ஃபோர்மேனெல்லாம் நமக்கு டிசைன் சொல்லிக் குடுக்கறாங்கோ"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். கட்டம் ஒண்ணுதான் வெச்சேன். ஏத்தின நாளு. அது தானா விழுந்துடும், யாரும் டைப் பண்ண வேணாம். அவரு சொன்னது அப்பவே மறந்துபோச்சு.

ஜூலையில மொத ரிப்போர்ட். மீட்டிங்ல பெரிய ஸ்கிரீன்ல ஒவ்வொரு ஃபோர்மேனுக்கும் ஒரு வரிசை. நேரத்துக்கு முடிஞ்ச வேலை பச்சை, லேட்டானது செவப்பு. தேசப்பண்ணன் வரிசை முழுக்கச் செவப்பு. திங்கக்கெழம முடிய வேண்டியது சனிக்கெழம முடிஞ்சிருக்கு. புதன்கெழம முடிய வேண்டியதும் சனிக்கெழம.

"இன்னாய்யா தேசப்பா, வாரம் பூரா தூங்கிட்டு சனிக்கெழமதான் எழுந்துக்குவியா?"ன்னாரு புராஜெக்ட் மேனேஜர் ரகு சார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான்.

"அன்னன்னிக்கு முடிச்சது சார். டைரியில இருக்கு."

"உன் டைரிக்கு நீயே சாட்சியா? கம்ப்யூட்டருக்கு உம்மேல இன்னா கோவம்?" ரகு சார் என் பக்கம் திரும்பினாரு. "விக்டோரியா, டேட்டா சரிதானே?"

தேசப்பண்ணன் டைரியப் பொரட்டி ஒரு பக்கத்துல வெரல வெச்சிக்கினு என்னையே பாத்தாரு.

"சரியாதான் இருக்கு சார்"ன்னேன்.

அவரு அந்தப் பக்கத்து முனைய மடிச்சாரு. டைரிய மூடிட்டாரு.

மறுநாளே சைட்டு ஜெகன்ற இன்னொரு ஃபோர்மேன் கைக்குப் போச்சு. தேசப்பண்ணனையும் ஏழு பேரையும் ஃபேக்டரி யார்டுக்குக் கொண்டாந்து துரு தேய்க்க விட்டாங்க. இருபத்தாறு வருசம் இரும்பு நிறுத்தின மனுசன். ஒரு மாசம் பாப்பாங்க, அப்புறம் ஆளையே அனுப்பிடுவாங்கன்னு கேன்டீன்ல பேச்சு.

அடுத்த வாரம் வேற எதுக்கோ அவரு வரிசையத் தொறந்தேன். சனி, சனி, சனி. மாசக்கணக்கா சனிக்கெழமையேதான். எந்த மனுசனுக்காச்சும் எல்லா வேலையும் ஒரே கெழமையில முடியுமா? அப்போதான் பிப்ரவரி ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கணும்ல? சொல்லல. ஒம்பது நாளு வாயத் தொறக்கல. கேன்டீனுக்குப் போனா யார்டு தெரியும்னு டப்பாவை டேபிள்லயே வெச்சு சாப்புட்டேன். என்ன ஜென்மம் நான்!

பத்தாவது நாளு ரெண்டாவது கட்டத்தைச் சேத்துட்டு ரகு சாருக்கு மெயில் போட்டேன். தப்பு டிசைன்லதான், ஃபோர்மேன் மேல தப்பில்லன்னு எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். 'தேதி வித்தியாசம் பத்தி யாரும் என்கிட்ட சொல்லல'ன்னு ஒரு வரி சேத்தேன்.

"சரி விடு, யாரும் சொல்லலன்னா நீ இன்னா பண்ணுவ? சைட்டை அவனுக்கே குடுத்துடறேன்"ன்னாரு ரகு சார். "டைரிய வாங்கி உண்மையான தேதியெல்லாம் ஏத்திடு. அவனுங்ககிட்ட நீயே போய்ச் சொல்லிடு."

டீ டைம்ல யார்டுக்குப் போனேன். எட்டு பேரும் துருப்பொடி மேல அப்பி ஒக்காந்திருந்தாங்க. சொன்னேன். சொல்லும்போது அந்தப் பொய்யும் கூடவே வந்துடுச்சு. "எனக்கு யாரும் சொல்லல, அதான்..."

தேசப்பண்ணன் என்னையே பாத்தாரு.

"அப்போ நாங்க தூங்கலியா?"ன்னாரு கிரேனுக்குச் செயின் மாட்டற அஸ்கர் அலி. "ரகு சார் எங்களை எப்படித் திட்டினாரு தெரியுமா? ஃபோர்மேன் கண்ணுக்குத் தெரியாம எங்கடா ஏமாத்தறீங்கன்னு கேட்டாரு. இவரு எதிர்லயே எங்களைச் சந்தேகப்பட்டாரு மேடம்!"

தேசப்பண்ணன் தலையக் குனிஞ்சிக்கினாரு. என்னாலதானே அவரும் குனிஞ்சாரு.

பையில இருந்து டைரிய எடுத்து நீட்டினாரு. "சத்தமாப் படிங்கோ மேடம். பசங்க கேக்கட்டும்."

ஜனவரியில இருந்து படிச்சேன். திங்கக்கெழம நாலு தூணு. செவ்வாய் ரெண்டு உத்தரம். வியாழன் கிரேன் வரல, சாரத்துல ஏறி போல்ட்டு முறுக்கினோம். ஒவ்வொரு நாளுக்கும் "ஆமா, ஆமா"ன்னாங்க. அஸ்கர் அலி சிரிக்கக்கூட சிரிச்சாரு. அப்போ முனை மடிச்ச பக்கம் வந்துச்சு. மொத வரியப் பாத்ததும் வாய் நின்னுடுச்சு.

"படிங்கோ"ன்னாரு தேசப்பண்ணன்.

"பிப்ரவரி பதினாலு. சனி. தேதிக்கு ரெண்டு கட்டம் வேணும்னு விக்டோரியா மேடம்கிட்ட சொன்னேன். சரின்னாங்க. படிச்ச பொண்ணு, மறக்காது."

அஸ்கர் அலி டீ கிளாஸைக் கீழ வெச்சிட்டு என்னைப் பாத்தாரு.

"அன்னிக்கு மீட்டிங்லயே இதைக் காட்டியிருக்கலாமேண்ணே"ன்னேன்.

"நீங்களே சொல்லுவீங்கோன்னு பாத்தேன் மேடம்"ன்னாரு. "இன்னிக்கும் அதான் பாத்துக்கினு இருந்தேன்."