குழாய் சொன்ன சேதி

முந்தின நாள் மாலை மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு தையல்காரனிடம் மட்டும் சொன்ன எச்.ஐ.வி. முடிவை, மறுநாள் காலையில் சிறைக் குழாய்கள் எல்லாம் சொல்லின. முதலில் காற்று வந்தது, அடுத்துச் சேதி வந்தது, அதற்கப்புறம்தான் தண்ணீர் வந்தது. வாளியோடு நின்றவர்கள் சேதியைக் கேட்டார்கள். தையல்காரனோ அதைச் சொன்ன குரலையும் கேட்டான். அது அவன் மைத்துனனின் குரல்.

மனைவியின் தம்பியான அவன், ஒரே அடிதடி வழக்கில் மாமாவோடு உள்ளே வந்தவன். சிறை மருத்துவமனையில் எடுபிடி வேலை. பச்சை குத்திய ஊசி பல கை மாறியிருக்கிறது, எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது தையல்காரன் தயங்கினான். "நான் அங்கதானே இருக்கேன் மாமா? ஈ, காக்காய்க்குத் தெரியாது" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனவன் மைத்துனன்தான். அதே ஊசிக்கு மாமாவுக்கு அடுத்ததாகக் கை நீட்டியிருந்தும் அவன் மட்டும் ரத்தம் கொடுக்கவில்லை.

குழாய் பேசிய அன்றே தையல் கூடத்தில் அக்கம்பக்கத்து மிஷின்கள் காலியாயின.

"யார்கிட்டடா சொன்ன?"

"சவரம் பண்றவர்கிட்ட மட்டும்தான் மாமா. வாய் தவறி வந்துடுச்சு."

"உங்க அக்காகிட்ட?"

 அந்த வாரம் மனைவி பார்க்க வரவில்லை, அப்புறமும் வரவில்லை. அதோடு தையல்காரன் மைத்துனனை 'டா' போடுவதை விட்டுவிட்டு, வழிப்போக்கனைக் கூப்பிடுவதுபோல 'நீங்க' என்றான்.

பரிசோதனை அறைப் பக்கம் அதன்பின் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கவில்லை. நிர்வாகம் குழாய்களை மாற்றியது. புதுக் குழாய்களும் பேசின. வருடங்கள் போயின. மாத்திரை சாப்பிட்ட தையல்காரன் சதை போட்டான். எதையும் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இருமி இருமிக் கட்டிலோடு போனார்கள். மைத்துனனும் துரும்பாக இளைத்தான்.

"இப்பவாவது ரத்தம் குடுத்துப் பாருங்க. நான் கூட வர்றேன்" என்றான் தையல்காரன்.

"ஒரு தடவை 'வாடா'ன்னு கூப்பிடுங்க மாமா, வர்றேன்."

தையல்காரன் வாயைத் திறந்தான்.  வெட்டிவைத்த துணியை எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் மைத்துனன் செத்துப்போனான். போர்த்துகிற துணிக்கு ஓரம் அடித்தவன் தையல்காரன்தான். கோணலாகப் போனதென்று இரண்டு முறை பிரித்தான்.

குழாய்கள் இன்றும் அந்தக் குரலில்தான் பேசுகின்றன. புதிதாக வருகிறவன் மிரண்டு பின்வாங்கினால், வரிசையில் நிற்கிற தையல்காரனே சொல்லிவிடுவான்: "அது பேசி முடிக்கட்டும்பா. அப்புறம் வாளியை வை."