இரண்டு பக்கமும் உருண்டை

தெருவில் யாரைக் கேட்டாலும் "டேப்பு பட்டறையா? அதோ" என்று கை காட்டுவார்கள். இரும்பு அடிப்பவருக்கு அந்தப் பெயர் வந்தது அவர் இடுப்பில் தொங்கும் அளவு டேப்பினால். அளக்காமல் எதையும் தொடமாட்டார். குடையைச் சுவரில் சாய்த்தால்கூட, சரிந்தால் எதுவரை விழும் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பார். எந்த வேலையானாலும் முதலில் காகிதத்தில் படம் போடவேண்டும். அதன்கீழ் செய்யவேண்டியதை வரிசை எண் போட்டு எழுதி, சுவரில் ஒட்டவேண்டும். அப்புறம்தான் உலையில் தீ.

அவர் குறடு பிடிக்க, சம்மட்டி அடிப்பது அவர் மனைவி. ஒன்பது வருடப் பழக்கம். அவர் சின்னச் சுத்தியலால் எந்த இடத்தைத் தட்டிக் காட்டுகிறாரோ, அந்த இடத்தில் மறுநொடியே அவள் சம்மட்டி இறங்கும். பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: இரும்பு உலையை விட்டு வெளியே வந்தபிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது. ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் இரண்டு அடிக்கான சூடு போய்விடும் என்பது அவர் கணக்கு. வீட்டில் நாலு பேர் பேச்சை ஒருத்தியாகப் பேசும் அவள், உலைக்கு முன்னால் மட்டும் வாயைப் பூட்டிக்கொள்வாள்.

இந்தப் பட்டறையின் மூலையில் ஒரு கால் வைஸ் நின்றது. இரும்பைக் கவ்விப் பிடிக்க இரண்டு தாடை, அவற்றை இறுக்க ஒரு பெரிய திருகு. ஒரு தாடை மட்டும் கீழே காலாக நீண்டு தரையில் ஊன்றியிருக்கும். மேலே எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்தக் கால் அடியைத் தரைக்கு அனுப்பிவிடும். பழைய சாமான் கடையில் வாங்கும்போதே அதற்குக் கைப்பிடி கிடையாது. கட்டிடக் கம்பித் துண்டு ஒன்றைத் திருகின் துளையில் செருகிக் காலத்தை ஓட்டினார்கள். அந்தத் துண்டு நாளுக்கு இரண்டு தடவை நழுவி டேப்பின் கால்விரலில் விழும். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் விழுவதால் டீ போட மணி பார்க்கவேண்டியதில்லை என்பாள் அவள்.

போன வாரம் தாடையைத் திறந்துவைக்கும் ஸ்பிரிங் பட்டை இரண்டாக முறிந்தது. கழற்றிப் பார்த்தால், தாடைகளைச் சேர்க்கும் அச்சாணியும் தேய்ந்து கரும்புச் சக்கைபோல் இருந்தது.

செய்தி கேட்டு அவள் தம்பி வந்தான். இரண்டு தெரு தள்ளி வெல்டிங் கடை வைத்திருப்பவன்.

"என்ன மாமா, கிழவருக்கு இடுப்பு போச்சாமே? பேசாம எடைக்குப் போட்டுட்டு என்கிட்ட இருக்கிற புது வைஸை வச்சுக்கோங்க. மேஜையில நாலு போல்ட்டு, தீந்துச்சு."

"இது கையால அடிச்சுச் செஞ்சது மாப்ளே. இதுக்கு வேணும்கிறதையும் கையாலதான் அடிக்கணும்."

"எத்தனை நாளு?"

டேப்பு மேல்கூரையைப் பார்த்து விரல் மடக்கினார். "புதன் ஸ்பிரிங். வியாழன் அச்சாணி. வெள்ளி கைப்பிடி. சனிக்கிழமை காலையில டீக்குள்ள நிக்கும்."

"நிக்கலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்குறேன்."

"சரி. பல் டாக்டர் தன் வீட்டு மாடிப்படிக்கு இருபத்தெட்டு முறுக்குக் கம்பி கேட்டாரில்ல? அதை ரெடிமேடா வாங்கி நான் பத்தவச்சிடறேன். நீங்களும் என் கடைக்கே வந்துருங்க. சம்மதமா?"

"சம்மதம்."

மூலையில் கரி உடைத்துக்கொண்டிருந்தவளுக்குக் கை நின்றது. வெல்டிங் கடைக்குச் சம்மட்டி எதற்கு? பற்றவைக்கிறவன் பற்றவைப்பான், அவர் அளந்துகொடுப்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளுடைய ஒன்பது வருடத்தை ஒரு டீக்குப் பந்தயம் வைத்துவிட்டார்கள்.

தம்பி போனதும் கேட்டாள். "ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நீ அடிக்கிறேங்கிற தைரியத்துலதானே சம்மதம்னேன்."

திட்டலாம் என்று திறந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், அவள் மீதிக் கரியை உடைத்தாள்.

புதன்கிழமை பழைய லாரிப் பட்டையிலிருந்து ஸ்பிரிங் பிறந்தது. வியாழக்கிழமை அச்சாணி. அதைத் தாடையில் கோத்து ஆட்டிப் பார்த்தபோது கதவுக் கீல்போல வழுக்கிக்கொண்டு போனது. டேப்பு காகிதத்தில் முதல் மூன்று எண்களையும் அடித்தார். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கைப்பிடி. ஓர் அங்குலத் தடிமனில் கம்பி, இனிக் காலில் விழாதபடி இரு நுனியிலும் உருண்டை. முதல் உருண்டை எலுமிச்சம்பழம்போல வந்தது. அளந்தார், ஒன்றரை அங்குலம். மறுநுனியை உலையில் வைத்தார். மஞ்சளாகப் பழுத்ததும் இழுத்துப் பட்டறைக்கல்லில் வைத்தார். சம்மட்டியைத் தூக்கியவளுக்கு அப்போதுதான் மண்டையில் ஏதோ உறைத்தது.

"ஏங்க, இதை எப்பிடி…"

"சூட்டுல பேச்சு!" என்று சுத்தியலால் கல்லைத் தட்டினார்.

மூன்று நாளாகப் படம் போட்டு எண் போட்டவருக்கு, நமக்குத் தோன்றியது தோன்றாமலா இருக்கும்? ஏதாவது வழி வைத்திருப்பார். அடித்தாள். ஒன்பது வருடத்தில் அவ்வளவு நன்றாக அவள் அடித்ததில்லை. இரண்டாவது உருண்டையும் ஒன்றரை அங்குலம், மயிரிழை பிசகவில்லை. அவர் அதைச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாப்பிடும்போது கேட்டாள். "அது திருகுக்குள்ள போயிடும்ல?"

"அளந்துட்டேன். துளை ஒன்னே கால் அங்குலம், கம்பி ஒரு அங்குலம். தாராளமா போகும்."

அவர் கம்பியைச் சொல்கிறார், அவள் உருண்டையைக் கேட்கிறாள். ஆனால் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் தம்பி புது வைஸைத் தோளில் சுமந்துகொண்டு வந்துவிட்டான். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. அதை இரும்பு மேஜை மேல் இறக்கிவிட்டு, கைகட்டி நின்றான். டேப்பு சாம்பலிலிருந்து கைப்பிடியை எடுத்துத் துடைத்து, திருகின் துளையில் ஒரு நுனியை வைத்தார். போகவில்லை. திருப்பி மறுநுனியை வைத்தார். மறுபடி முதல் நுனி. பிறகு துளையை அளந்தார். பிறகு, இந்த மூன்று நாளில் முதன்முறையாக, உருண்டையைத் துளைக்கு முன் பிடித்து அளந்தார்.



தம்பி சுவரில் இருந்த காகிதத்துக்குப் போய், பள்ளிக்கூடப் பையன் பாடம் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தான். "எண் நாலு. கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் உருண்டை பிடிக்கவும். எண் ஐந்து. கைப்பிடியைத் திருகில் கோக்கவும்." திரும்பினான். "மாமா, சட்டைக்குப் பட்டன் எல்லாம் போட்டுத் தச்சுட்டு, அப்புறம் தலையை விடுவீங்களோ?"

டேப்பின் காது சிவந்தது. மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"நேத்து சொல்ல வந்தேன். சூட்டுல பேச்சு கிடையாதுன்னீங்க."

"அதுக்குன்னு அடிப்பியா?"

"நீங்க காட்டுன இடத்துல அடிக்கிறதுதானே என் வேலை?" என்றாளே தவிர, அவளுக்கும் மனசு உறுத்தியது. அடித்தது அவள் கைதானே.

"சரிக்கா, டீயைப் போடு," என்றான் தம்பி. "பந்தயம் முடிஞ்சுது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். "டீக்குள்ளன்னுதானே பேச்சு? நான் இன்னும் தண்ணியே வைக்கல. இந்த வீட்டுல டீ எப்பன்னு நான் சொல்லணும்."

தம்பி அடுப்பை எட்டிப் பார்த்தான்.

"ஒரு உருண்டையை வெட்டிடலாம்," என்றாள் கணவரிடம். "கம்பியைக் கோத்துக்கிட்டு, வெட்டின நுனியில மறுபடி உருண்டை பிடிப்போம். நாலு விரல் குறையும். குறைஞ்சா குறையட்டும், கூட ஒரு கை போட்டு அழுத்திக்கலாம்."

டேப்பு இரண்டு உருண்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எது மட்டமோ அதை வெட்டலாம் என்று அளந்தார். இரண்டும் ஒரே அளவு.

"பூவா தலையா போட்டுப் பாருங்க மாமா," என்றான் தம்பி.

அவள் உளியை வைத்து ஒன்றைக் காட்டினாள். சூடாக்கி, மூன்றே அடி. உருண்டை கழன்று ஓடித் தம்பியின் காலடியில் நின்றது. கம்பி திருகின் துளையில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

இனி நுனியைக் காய்ச்சி, அடித்துத் தடிப்பாக்க வேண்டும். அதற்குக் கம்பியை நிமிர்த்தி இறுகப் பிடிக்க ஒரு வைஸ் வேண்டும். பிடிக்கிற வைஸ் நான்கு துண்டாகத் தரையில் கிடந்தது.

"அதான் உன் தம்பி புதுசு கொண்டுவந்திருக்கானே," என்றார் டேப்பு.

கம்பியைப் பச்சை வைஸில் இறுக்கி, அவள் சம்மட்டியை ஓங்கியதும் தம்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தான். "அக்கா, அக்கா! அதுல அடிக்காதே! வார்ப்பு இரும்புக்கா, கிளாஸ் மாதிரி தெறிச்சிடும்!"

அவள் சம்மட்டியை மெதுவாக இறக்கினாள். "அடி தாங்காதா?"

"தாங்காது."

"அப்ப இதை எதுக்குடா பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தே? மலர் வளையம் வைக்கவா?"

டேப்பு பார்க்கக்கூடாததைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கடைசியில் கம்பியைப் பட்டறைக்கல் மேல் படுக்கப்போட்டு, மீதி உருண்டை இருந்த முனையைத் தூணில் கட்டிய மரக்கட்டைக்கு முட்டுக்கொடுத்தார்கள். சூடு ஏறாமல் ஈரச் சாக்கு சுற்றிய திருகை அந்த முனைக்குத் தள்ளித் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பட்டறையில் சும்மா நின்றது ஓர் ஆள்தான்.

"பிடிக்கிறேன். ஆனா நான் சொல்றது என்னன்னா…"

"சூட்டுல பேச்சு கிடையாது," என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

நுனி பழுத்து வெளியே வந்தது. அவள் பக்கவாட்டில் வீசி அடித்தாள். ஒரு பொறி போய்த் தம்பியின் கட்டைவிரலில் உட்கார்ந்தது. அவன் கண் பிதுங்கியது, உதடு துடித்தது, திருகை மட்டும் விடவில்லை. மூன்று முறை காய்ச்சி அடித்து, மூன்றாவது முறையில் டேப்பு நுனியை உருட்டி முடித்துக் கல்லில் இரண்டு தட்டு தட்டினார். அதற்காகவே காத்திருந்த தம்பி வாயைத் திறந்து "அம்மா!" என்று கத்தியது தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

புது உருண்டை ஒரு பக்கம் பல்வலிக்காரர் கன்னம்போல வீங்கியிருந்தது. டேப்பு டேப்பை உருவினார். அவள் அதை அப்படியே அவர் இடுப்பில் திருப்பிச் செருகினாள். "பல் டாக்டர் வீட்டு வேலைக்கு இதுதான் பொருத்தம்."

பாகங்களைப் பூட்டி வைஸை நிறுத்தியதும், ஸ்பிரிங் தாடையைத் தானாகத் திறந்து வழிவிட்டது. ஒரு சதுரக் கம்பியைக் கவ்வக் கொடுத்து, அவள் சம்மட்டியால் நாலு போட்டாள். கம்பி வளைந்தது. வைஸ் அசையவில்லை. தம்பி கைப்பிடியில் இரண்டு கையாலும் தொங்கிக்கூடப் பார்த்தான்.

அவள் அதற்குப் பிறகுதான் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

டீ குடித்துவிட்டுத் தம்பி பச்சை வைஸைத் தோளில் ஏற்றிக்கொண்டான். வெட்டின உருண்டையை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவள் கொடுக்கவில்லை. சுவரில் இருந்த காகிதத்தை எடுத்து ஜன்னலில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அந்த உருண்டையை எண் நாலின் மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை மாடிப்படிக்கு முதல் கம்பி. டேப்பு அதை மஞ்சளாகக் காய்ச்சி எடுத்து, முறுக்குமுன் நுனியை மடக்க வைஸில் இறுக்கினார். சுத்தியலைத் தூக்கியவர், வழக்கமில்லாத வழக்கமாக அரை நொடி நின்று அவளைப் பார்த்தார்.

"ஏதாவது சொல்லணுமா?"

"சூட்டுல என்ன பேச்சு?" என்றாள் அவள், சம்மட்டியை ஓங்கிக்கொண்டே. "இடத்தைக் காட்டுங்க."