வத்ஸலாவின் எண்

ராகவப் பிஷாரடிக்கு எண் என்றால் தலையில் நிற்காது. சொந்தப் பிறந்த தேதியைக்கூட யோசித்துத்தான் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையோ செர்ப்புளச்சேரியில் ஒரு முதலாளியின் பஸ்களையெல்லாம் கட்டி மேய்ப்பது. அந்த முதலாளி எல்லா வண்டிக்கும் தன் அம்மாவின் பேரையே எழுதி, ஒரே பச்சைப் பெயிண்டை அடித்து வைத்திருந்தார். எது எந்த வண்டி என்று சொல்ல நம்பர் பிளேட் ஒன்றுதான் வழி.

பிஷாரடி அதற்குத் தன் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டார். அவர் குடும்பத்தில் ஜாதகம் பார்க்கிறவர்களும் பாட்டுக்காரர்களும் காலங்காலமாகப் புழங்கிய கடபயாதிக் கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னின்ன எழுத்து என்று உண்டு; எண்ணைக் கடைசியிலிருந்து படித்து எழுத்தாக்க வேண்டும். 351 என்றால் க, ம, ல. கமலா. 804 வனஜா. 148 தேவகி. இப்படியே ஷெட் முழுக்கப் பெண்பிள்ளைகள். டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் ஹம்ஸா எல்லாருக்கும் அது பழகிப்போயிற்று. பழகாத ஒரே ஆள், பையன்னூரிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு அப்போதுதான் வந்திருந்த வத்ஸலா.

முதலாளி செலவில் வீட்டுக்கு போன் வந்தது. மறுநாள் காலை வத்ஸலா கஞ்சிக்குப் பப்படம் சுட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவர் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"தேவகி இன்னும் இருமுறாளா? அப்ப இன்னிக்கு அவளை வெளியே விடாதே. வனஜா போகட்டும், அவ சின்னவ, தாங்குவா. கமலாவைக் குளிப்பாட்டியாச்சா? நல்லாத் துடைச்சு வை. நான் வந்து பாக்கறேன். என் கை பட்டாத்தான் அவ அடங்குவா."

பப்படம் கருகியது. அவர் வந்து அந்தக் கருகலையே ருசித்துத் தின்றார்.

"யாருக்கு என்ன ஏட்டா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"கமலாவுக்குத்தான். வயசாயிடுச்சு, பாவம்" என்று கை கழுவிக்கொண்டு போய்விட்டார். மறைக்கிற முகமே இல்லை. அதுதான் வத்ஸலாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒருத்தி என்றால் அழலாம். மூன்று பேருக்கு எப்படி அழுவது?

அம்மாவுக்கு எழுதலாமா என்று யோசித்தாள். பிறகு, முதலில் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஷெட்டில் ஆள் யாரும் தென்படவில்லை. ஒரு பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"இங்க கமலான்னு யாரு?" என்று கால்களைப் பார்த்துக் கேட்டாள்.

"அவளுக்கு அடியிலதானே படுத்திருக்கேன்" என்றது பஸ்ஸின் வயிறு. "யாரு நீங்க?"

"பிஷாரடியோட வீட்டுக்காரி."

கால்கள் சரசரவென்று வெளியே வந்தன. பின்னாலேயே கிரீஸ் முகத்தோடு ஹம்ஸா. அவள் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், கமலாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"பிஷாரடி! ஓடி வாங்க! சேச்சி உங்க பொண்டாட்டிங்களை எல்லாம் பாக்க வந்திருக்காங்க!"

பிஷாரடி ஆபீசிலிருந்து ஓடிவந்தார். விஷயம் விளங்கியதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் பாவமாக இருந்தது. "உனக்குத் தெரியும்னே நெனச்சேன். ஊருக்கே தெரியுமே!" என்று ஒவ்வொரு பிளேட்டாகக் காட்டிக் கணக்கைச் சொன்னார். ல மூன்று, வ நான்கு, ம ஐந்து, ஸ ஏழு. புள்ளி வைத்த எழுத்துக்கு மதிப்பில்லை, விட்டுவிட வேண்டும்.

வத்ஸலா கெட்டிக்காரி. விரலை மடக்கிப் பார்த்தாள். வ, ஸ, ல; நாலு, ஏழு, மூணு. கடைசியிலிருந்து திருப்பிப் போட்டாள். "அப்ப நான் முந்நூத்தி எழுபத்திநாலு. அந்த வண்டி எங்க?"

இரண்டு ஆண்களும் மேலே கூரையைப் பார்த்தார்கள்.

ஷெட்டுக்குப் பின்னால், பலாமரத்தடியில் நின்றது 374. ஒரு விளக்கு இல்லை. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது.

"தள்ளாம கிளம்பாது சேச்சி" என்றான் ஹம்ஸா. "பழைய இரும்புக்குப் போட்டுடுன்னு முதலாளி சொல்லிட்டே இருக்காரு. இவருதான் விடமாட்டேங்கறாரு. முன்னாடி இதுக்குப் பேரே அமையல, கிழவின்னுதான் சொல்லுவோம். உங்க ஜாதகம் வந்த அன்னிக்கு இங்க வந்து நின்னு, 'ஹம்ஸா, பேர் கெடச்சாச்சு'ன்னாரு. பொண்ணைக்கூட இன்னும் பாக்கல, அதுக்குள்ள சம்மதம் சொல்லியாச்சு."

வத்ஸலா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு ஓட்டை பஸ்ஸுக்காகவா என்னைக் கட்டினீங்க?"

"இல்லடி" என்றார் பிஷாரடி. காது மடல் சிவந்துவிட்டது. "எனக்கு எந்த நம்பரும் நிக்காது. இது ஒண்ணுதான் நிக்குது. உன்னைப் பாத்ததுக்கப்புறம் இதை எப்படி உடைக்கக் குடுப்பேன்?"

வத்ஸலா குடையை மடக்கி அவர் கையில் கொடுத்தாள். "ஓட்டுங்க, பாப்போம். ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்."

ஹம்ஸா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர்களையெல்லாம் பிஷாரடி கூப்பிட்டுத் தள்ள வைத்தார். "தள்ளு, வத்ஸலாவைத் தள்ளு! கனக்கறாடா! பின்னாடி நல்லா அமுக்கு!" ஒவ்வொரு கத்தலுக்கும் உள்ளே ஜன்னலோரம் இருந்த அசல் வத்ஸலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டி ஒரு தும்மல் போட்டுக் கிளம்பி, ரோட்டை எட்டி, அய்யப்பன் காவுக் கோயில் திருப்பத்தில் மறுபடி நின்றது. சந்தைக்கு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, "வத்ஸலா மறுபடி மக்கர் பண்ணிட்டா!" என்று ஒருவன் கூவினான்.

அவள் படியில் இறங்கி நின்றாள். பிஷாரடி வேர்வையோடு பயந்துகொண்டே கிட்டே வந்தார்.

"புள்ளி எழுத்துக்கு மதிப்பில்லைன்னீங்க இல்ல?"

"ஆமா."

"அப்ப வத்ஸலன்னு சொன்னாலும் அதே முந்நூத்தி எழுபத்திநாலுதானே? இனிமே இவன் ஆம்பளை. மக்கர் பண்ணினா அவன் பண்ணட்டும், திட்டு வாங்கினா அவன் வாங்கட்டும்."

பிஷாரடி வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். சரியாகவே வந்தது. நடுரோட்டில் அவர் சிரித்த சிரிப்பில் வத்ஸலாவும் சிரித்துவிட்டாள்.

"டேய் வத்ஸலா... இல்ல, வத்ஸலன்!" என்று ஹம்ஸா ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். வண்டி கிளம்பவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள்.